பம்பருக்குக் காட்டிய நெருப்பு

கறுப்பு பிளாஸ்டிக் வெயிலுக்கு ஆகாது. இரும்பு துருப்பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், மரம் இற்றுப்போனால் தட்டிப் பார்த்தாலே தெரியும். இந்தப் பிளாஸ்டிக் மட்டும் ஒன்றும் ஆகாததுபோல இருந்துகொண்டே சாம்பல் பூத்துவிடும். என்னுடைய மாருதி கார் அப்படித்தான் நின்றது. வெள்ளைத் தகடு கடைசிவரை நன்றாகவே இருந்தது. முன் பம்பர், பின் பம்பர், கதவில் ஓடுகிற பட்டை, பக்கக் கண்ணாடியின் கூடு எல்லாம் காய்ந்த எருமைத் தோல் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

காரைப் பற்றி இப்போது எதற்கு என்று ஸ்டேஷன் ரைட்டர் பேனாவை நிறுத்திவிட்டார். எழுதச் சொல்லுங்கள். காரைச் சொல்லாமல் சீனிச்சாமியைச் சொல்ல முடியாது. அவன் செத்ததை விபத்து என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினீர்கள். அதில் இருப்பது பொய்யில்லை, ஆனால் பாதிதான் இருக்கிறது. மீதியைச் சொல்ல நானாகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறேன். யாரும் என்னை இழுத்து வரவில்லை, மிரட்டவில்லை.

பெயர் வெள்ளியங்கிரி. பொங்கலூருக்குத் தெற்கே தோட்டங்காட்டுக்குள் வீடு. படிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கையெழுத்துப் போடுவேன். எனக்கு யாரையும் நம்புகிற பழக்கம் கிடையாது. நம்பிக் கெட்டவர்களை ஊருக்கு ஊர் பார்த்திருக்கிறேன், நம்பாமல் கெட்டவன் ஒருவனைக்கூடப் பார்த்ததில்லை. பேங்க்காரர் சிரித்துப் பேசினால் எழுந்து வந்துவிடுவேன். டாக்டர் கொடுக்கிற மாத்திரையை இன்னொரு மருந்துக்கடையில் காட்டிக் கேட்டுவிட்டுத்தான் விழுங்குவேன். கார் நிற்கிற ஷெட்டில் முன்பு தறி ஓடியது. தறியை விற்ற பிறகு அதன் பின் கதவை ஹாலோ பிளாக் வைத்து அடைத்துவிட்டேன், ஜன்னலையும் அடைத்தேன். ஒரு ஷட்டர், ஒரு பூட்டு, அந்தச் சாவி என் அரைஞாண் கயிற்றில். திருடன் வருவதற்கு ஒரு வழி போதும், அதை நான் பார்த்துக்கொள்வேன்.

நான் நம்பியது என் மகள் அன்புசெல்வி ஒருத்தியைத்தான். அவளுடைய புருசன் மணியன் அவிநாசி ரோட்டில் லாரி மோதிச் செத்தான். காரியம் முடிந்த கையோடு அவளை அழைத்து வந்துவிட்டேன். மாமியார் வீட்டில், இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். எதற்கு இருக்கச் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? அதற்குப் பிறகு அவள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போனாள். காலையில் கம்பெனி வேன் வரும், ஏறிப் போவாள், பொழுது இறங்க வருவாள். செக்கிங் வேலை. டியூப்லைட்டுக்குக் கீழே பனியனை விரித்து ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பது. துணியில் ஊசி முனை அளவு கறை இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. ஆளைப் பார்க்கத்தான் தெரியாது.

வெளுத்த பம்பருக்கு நான் செய்யாத வைத்தியம் இல்லை. பூட்ஸ் பாலிஷ் போட்டேன், மழையில் கரைந்து ஒழுகியது. பனியன் மெஷினுக்கு ஊற்றுகிற எண்ணெயைத் தடவினேன், காட்டுப் புழுதி முழுக்க வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் தேங்காய் எண்ணெய். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அன்புசெல்வி அவனை அழைத்து வந்தாள். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். கறுத்த, ஒல்லியான ஆள்.

“அப்பா, இவருங்க சீனிச்சாமி. எங்க கம்பெனில அயர்ன் மாஸ்டருங்க. உசிலம்பட்டிப் பக்கம்.”

“அதுக்கு?” என்றேன்.

“அதுக்கு ஒண்ணுமில்லீங்க. ஊட்டுக்கு வந்தவங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா, வாயில இருக்குற முத்து உதுந்துருமாக்கும்.”

அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பம்பருக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் ஒரு இழுப்பு இழுத்து முகர்ந்து பார்த்தான்.

“என்னங்கய்யா, தலைக்குத் தேய்க்கிற எண்ணெயப் போயி இதுக்குத் தேய்க்கிறீக? முடி மொளைச்சிரப் போகுது.”

அன்புசெல்வி சிரித்தாள். மணியன் செத்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். அதைக் கவனித்து வைத்துக்கொண்டேன்.

அவன் சொன்னான்: “அய்யா, வெளுத்தது மேல்தோலு மட்டுந்தான். எண்ணெயத் தேச்சா அது எண்ணெயோட கறுப்பு, மழைக்கு நிக்காது. நெருப்புக் காட்டுனா அதோட சொந்தக் கறுப்பே மேல வந்துரும்.”

நான் நம்பவில்லை. அடுத்த தடவை வந்தபோது சின்ன கேஸ் டப்பாவில் மாட்டுகிற டார்ச் ஒன்றைக் கொண்டுவந்தான். பைப் ஒட்டுகிறவர்கள் வைத்திருப்பது. பின் பம்பரில் ஒரு மூலையில் மட்டும் காட்டுகிறேன், பிடிக்காவிட்டால் போய்விடுகிறேன் என்றான். நீல நெருப்பைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே போனான். பனியனுக்கு இஸ்திரி போடுகிற கை, அது எங்கேயும் நிற்காது. நெருப்பு நின்றால் பிளாஸ்டிக் உருகிவிடுமாம், ஓடினால்தான் கறுக்குமாம். நெருப்புப் போன இடமெல்லாம் ஈரத்தில் நனைந்ததுபோலக் கறுப்பு எழுந்து வந்தது. அழகாகத்தான் இருந்தது. நல்லதை நல்லதென்று சொல்கிறவன் நான்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது அன்புசெல்வி சோற்றைப் போட்டுவிட்டு நின்றுகொண்டே சொன்னாள்.

“ஏனுங்கப்பா, நானும் அவரும் கட்டிக்கிறதுன்னு இருக்கறமுங்க. ஆவணி மொத முகூர்த்தம். அவிநாசிக் கோயில்ல வெச்சு. நம்ம கார்லயே போயர்லாம், நீங்களே ஓட்டுங்க. அதுக்குள்ள அவரு காரை முச்சூடும் கறுப்பாக்கித் தர்றேன்னு சொல்லீருக்கறாரு.”

“சரி அம்மிணி” என்றேன்.

எதற்குச் சரி என்றாய் என்று நீங்கள் கேட்கலாம். வேண்டாம் என்றால் அன்றைக்கே போயிருப்பாள். சரி என்றால் ஆவணிவரை இருப்பாள். கணக்கு அவ்வளவுதான்.

சாதி பார்த்துச் செய்தான் என்று எழுதிவிடாதீர்கள். ஊரில் நாலு பேர் அப்படித்தான் பேசுவார்கள். அவன் என்ன ஆள் என்று நான் வாயைத் திறந்து கேட்டதே இல்லை. எனக்கு ஆள் யார் என்பது பிரச்சினை இல்லை. அவன் வந்த காரியம்தான் பிரச்சினை. ஒரு நாள் சொன்னான், “கல்யாணத்துக்கப்பறம் நாங்க இங்கனயே இருந்துக்கிறோம் மாமா. ஒங்களத் தனியா விடமாட்டோம்” என்று. அன்றைக்குத்தான் முதன்முதலாக மாமா என்று கூப்பிட்டான். வீட்டுக்குள் வரப் பார்க்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைப் பார்த்த அன்புசெல்வி, “அப்ப நாங்க திருப்பூர்லயே வாடகைக்கு லைன் ஊடு பார்த்துப் போயர்றமுங்க” என்றாள். அப்படியென்றால் பெண்ணைக் கொண்டுபோகப் பார்க்கிறான். இருந்தாலும் திருடன், போனாலும் திருடன். மூன்றாவதாக அவன் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. யோசித்துப் பார்த்தேன், உண்மையிலேயே இல்லை.

அதை நான் மகளிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தேன். “உங்களுக்கு ஆருமேலதான் நம்பிக்கைங்க? உங்க நெழலு பின்னால வந்தாக்கூட, ஏண்டா வர்றேன்னு திரும்பி நின்னு கேட்பீங்க” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவளுடைய துணிகளை ஏற்கெனவே ஒரு பெட்டியில் தனியாக எடுத்து வைத்திருந்தாள். நான் திறந்து பார்த்திருந்தேன்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்து ஆடிக் காற்று உங்களுக்குத் தெரிந்ததுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து இறங்கினால் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். ஆடியில் நல்ல காரியம் எதுவும் இல்லாததால், கார் வேலையை அந்த மாதத்திலேயே முடித்துவிடுகிறேன் என்று சீனிச்சாமி சொன்னான். அவனுடைய அம்மா ஒச்சம்மாள் ஊரிலிருந்து வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவும் அன்புசெல்வியும் ஆடித் தள்ளுபடியில் முகூர்த்தப் புடவை எடுக்கத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். சீனிச்சாமி கார் வேலைக்கு என்று வீட்டிலேயே நின்றுகொண்டான். நான் நாள் பார்க்கவில்லை. அவர்களாக அமைத்துக் கொடுத்தார்கள்.

நெருப்புக் காட்டுவதற்கு முன்னால், நான் வருசக்கணக்காகத் தேய்த்த எண்ணெய் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தான். அதற்காக அன்புசெல்வி கம்பெனியிலிருந்து ஒரு டின் கொண்டுவந்திருந்தாள். பனியனில் மெஷின் எண்ணெய்க் கறை பட்டால் அதை அடித்துத்தான் எடுப்பார்கள். தண்ணீர் மாதிரி இருக்கும். கறையையும் கொண்டுபோகும், தானும் காற்றோடு போய்விடும். வாசம் மட்டும் மண்டைக்கு ஏறும்.

செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: “அப்பா, தொடச்சு முடிச்சதும் அந்த டின்னை இறுக்கி மூடித் தூரமா வெச்சுருங்க. கம்பெனில அதுக்குப் பக்கத்துல தீக்குச்சிகூடக் கிழிக்க உட மாட்டாங்க. பொசுக்குனு புடிச்சுக்கும். அவருகிட்டயும் சொல்லீட்டேன்.”

“வெச்சர்றேன் அம்மிணி. நீ பார்த்துப் போய்ட்டு வா.”

இதை அவள் சொன்னாள், நான் கேட்டேன். ரைட்டர் இதை விட்டுவிடக் கூடாது. அவள் தன் பங்குக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போனாள். இப்போது அதை மறந்துவிட்டாள். டின்னைக் கொண்டுவந்தது மட்டும்தான் அவள் நினைவில் நிற்கிறது.

சீனிச்சாமி வேலையில் குறை சொல்ல முடியாது. காரை வாசலில் நிறுத்தி, அந்த டின் தண்ணீரில் நனைத்த பனியன் வேஸ்ட் துணியால் பட்டை பட்டையாகத் துடைத்தான். பிறகு சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டான். டின்னை மூடி அவனே கொண்டுபோய் மோட்டார் ரூமில் வைத்தான். மதியம் நான்தான் சோறு போட்டேன். ரசம் நன்றாக இருக்கிறது என்றான். கை கழுவிவிட்டு வேப்பமரத்தடியில் கொஞ்சம் தலையைச் சாய்த்தான்.

அந்த நேரத்தில் நான் காரை ஷெட்டுக்குள் கொண்டுபோய், அடைத்த சுவரைப் பார்த்த மாதிரி மூக்கை வைத்து நிறுத்தினேன். மோட்டார் ரூமிலிருந்து டின்னை எடுத்துவந்து பம்பரை இன்னொரு தடவை துடைத்தேன். துடைத்தேன் என்பது சரியில்லை. வேஸ்ட் துணியை முக்கி முக்கிப் பம்பருக்கு உள்பக்கம் திணித்தேன். மிச்சத்தைக் காருக்கு அடியில் ஊற்றினேன். இது ஒன்றும் சிரமமான வேலை இல்லை. குனிந்து நிமிர்ந்ததில் இடுப்புதான் கொஞ்சம் பிடித்துக்கொண்டது.

எழுந்து வந்தவன் காரைக் காணாமல் தேடினான்.

“வெளிய காத்துல உன்ற நெருப்பு நிக்குமா? உள்ள வெச்சுப் பண்ணு” என்றேன்.

“அதுவும் சரிதான் மாமா” என்றான். உள்ளே போய் மூக்கை உறிஞ்சினான். “என்ன மாமா, வாசம் தூக்குது?”

“காலைல தொடச்சது. உள்ள வெச்சதும் அடைஞ்சு கெடக்குது, வேறென்ன?”

காலையிலிருந்து அவன் கையெல்லாம் அந்த வாசம்தான், மூக்குக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனாலும் ஒரு நிமிசம் என் முகத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினான். அந்த இடத்தில் நானாக இருந்தால் ஆட்டியிருக்க மாட்டேன். குனிந்து காருக்கு அடியில் பார்த்திருப்பேன். அவனைப் பற்றி நான் நினைத்ததில் அந்த ஒன்றுதான் தப்பாக இருந்தது. அவ்வளவு கள்ளத்தனம் உள்ளவன் இவ்வளவு சுலபமாக நம்புவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஷெட் வாசலில் நின்று டார்ச்சைப் பற்றவைக்கப் பார்த்தான். தீக்குச்சி கிழிக்கக் கிழிக்க அணைந்தது.

“காத்து நிக்கவே விடமாட்டேங்குது. ஷட்டரைக் கொஞ்சம் எறக்கி விடுங்க மாமா, பாதிக்கு. நான் உள்ள போயிப் பத்த வச்சுக்கிறேன்.”

ஷட்டரை இறக்கச் சொன்னது அவன்தான். நானாக இறக்கவில்லை. அவன் பாதி கேட்டான், நான் முழுக்க இறக்கினேன்.

பிறகு பூட்டினேன். கைப் பழக்கத்தில் பூட்டியிருப்பேன் என்றுதான் முதலில் சொல்ல நினைத்திருந்தேன். பழக்கம்தான். ஆனால் எதற்குப் பூட்டுகிறேன் என்று தெரிந்தேதான் பூட்டினேன்.

உள்ளே ‘பக்’கென்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. ஷட்டரின் அடியில் வெளிச்சம் ஓடியது. அவன் அலறவில்லை, கூப்பிட்டான். “மாமா, ஷட்டரைத் தூக்குங்க” என்றான். அப்புறம் உள்ளேயிருந்து ஷட்டரை உலுக்கினான். “சிக்கிக்கிச்சு போல மாமா. நீங்க அந்தப் பக்கம் புடிங்க, நானும் தூக்குறேன், ஒண்ணாத் தூக்குவோம்” என்றான். நான் வெளியே திறக்கப் பாடுபட்டுக்கொண்டிருக்கிறேன் என்றே கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தான். அப்படி நினைத்துக்கொண்டே போனது அவனுக்கும் நல்லதுதான்.

சத்தம் நின்ற பிறகு பூட்டைக் கழற்றிக் கிணற்றில் போட்டேன். காட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற தண்டாயுதபாணி புகையைப் பார்த்து ஓடி வந்தபோது, நான் ஈரச் சாக்கை வைத்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தேன். கையில் இந்தக் காயம் அப்போது பட்டதுதான். தகடு அவ்வளவு சூடாக இருந்தது. இதைப் பார்த்துத்தான் ஊரில் என்னைப் பெரிய மனுசன் என்கிறார்கள், மருமகனாக வரவேண்டியவனைக் காப்பாற்ற நெருப்புக்குள் கையை விட்டவர் என்று. நான் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆவணி வரும், போகும், வேன் வரும், அவள் வேலைக்குப் போவாள், திரும்பி வருவாள். அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் வேலைக்குப் போகவில்லை, சாப்பிடவில்லை. எடுத்த புடவையைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மகனுடைய காரியத்தை ஊரில் முடித்துவிட்டு ஒச்சம்மாள் மறுபடி வந்தபோது, அந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

“அந்த டின்னைக் கம்பெனில இருந்து கொண்டாந்தது நாந்தானுங்க. உங்க பையனைக் கொன்னது நாந்தானுங்க.”

“அப்பிடிச் சொல்லாத தாயி” என்றார் ஒச்சம்மாள். “எம்புள்ளையக் கட்டிக்கிறேன்னு வந்தவ நீ. ஒன்னய இப்பிடிப் பட்டினியாப் போட்டுட்டு நான் எங்கிட்டுப் போவேன்? எந்திரி. எங்கூட ஊருக்கு வா. கஞ்சியோ கூழோ, ரெண்டு பேரும் ஒண்ணாக் குடிப்போம்.”

அந்த அம்மாவுக்கு என்ன லாபம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. அதனால் இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

அன்புசெல்வி பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள். நாளைக் காலை பஸ்.

“நீ போனீன்னா நான் என்ன பண்றது அம்மிணி?” என்று கேட்டேன்.

“உங்களுக்கென்னுங்கப்பா. பூட்டு இருக்குது, சாவி இருக்குது” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. “இந்த ஊட்டுல இருந்தா அந்த டின்னுதானுங்க கண்ணுக்குள்ள நிக்குது. என்னால முடியாதுங்க.”

அதனால்தான் வந்தேன். சீனிச்சாமியை ஷெட்டுக்குள் வைத்துப் பூட்டி எரித்தது நான். வெள்ளியங்கிரி ஆகிய நான், தெரிந்தே, தெளிந்த புத்தியோடு செய்தேன். என் மகளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. கிணற்றை இறைத்துப் பார்த்தால் பூட்டு கிடைக்கும். எழுதியதை எனக்குப் படித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பொழுது விடிவதற்குள் ஒரு போலீஸ்காரரை வீட்டுக்கு அனுப்பி அவளிடம் முழுதாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தானே கொன்றுவிட்டதாக நினைத்துக்கொண்டுதான் அவள் இந்த வீட்டை விட்டுப் போகிறாள். கொன்றது அப்பன்தான் என்று தெரிந்துவிட்டால், அப்புறம் அவளுக்குப் போவதற்கு என்ன காரணம் இருக்கிறது?